ஜாமீன் கையெழுத்து

தமிழ் விமர்சகனுக்கு முன்னுரை படிக்கத் தெரியாது. ஆண் எழுதிய முன்னுரையை அவன் கொள்கைப் பிரகடனமாகப் படிக்கிறான்; பெண் எழுதிய முன்னுரையை வாக்குமூலமாகப் படிக்கிறான். கம்பனின் அவையடக்கத்தைப் படித்துவிட்டு, தனக்குக் கவி பாட வராது என்று கம்பனே ஒப்புக்கொண்டிருப்பதாக எந்த வித்வானும் எழுதியதில்லை. அது மரபு, பாவனை, அடக்கத்தின் வேஷத்தில் வரும் கர்வம் என்பதெல்லாம் நமக்குத் தெரிகிறது. 'காஞ்சனை' தொகுதிக்குப் புதுமைப்பித்தன் எழுதிய முன்னுரையின் குறும்பும் நமக்குப் புரிகிறது. ஆனால் ஒரு பெண் தனக்குப் படிப்புப் போதாது, பிழை பொறுக்க வேண்டும் என்று நாலு வரி எழுதிவிட்டால், நம் விமர்சகனின் சந்தேகபுத்தி உடனே தூங்கப் போய்விடுகிறது. அம்மையாரே சொல்லிவிட்டார், பிறகென்ன என்று அந்த நாலு வரியையே இலக்கிய சரித்திரத்தில் பதிவு செய்துவிட்டு நகர்ந்துவிடுகிறான்.

இந்த வித்தியாசத்தை நான் புத்தகத்தில் கற்றுக்கொள்ளவில்லை. கௌண்ட்டரில் கற்றுக்கொண்டேன். கொல்லிமலையில் ஒரு வங்கிக் கிளையில் எனக்குக் குமாஸ்தா வேலை. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறித்தான் எந்தக் காகிதமும், எந்தப் பத்திரிகையும் இங்கே வந்து சேர வேண்டும். மிளகும் காபியும் அன்னாசியும் விளைகிற ஊர். கடன் கேட்டு வருபவர்களில் கணிசமானவர்கள் பெண்கள். கைநாட்டு வைத்தால் அது இன்னாருடைய பெருவிரல் ரேகைதான் என்று எழுதத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். எழுதத் தெரிந்தவராக இருந்தாலும் கணவர் அல்லது தகப்பனார் பெயருக்கு ஒரு கட்டம் காத்திருக்கும். கடன் பெரிதானால் ஜாமீன்தாரர் வேறு. மிளகுக் கொடி வைத்திருந்த ஒரு அம்மாள் என்னிடம் கேட்டார்: "பணம் கட்டப்போறது நானு. அவரு கையெழுத்து எதுக்கு சார்?" நான் சொன்ன பதில்: "ஃபாரத்துல அப்படித்தாம்மா இருக்கு."

இலக்கியத்திலும் இந்தப் பதிலைத்தான் நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். முன்னுரை என்பது, படைப்பு வெளியே போவதற்கு முன்னால் நிரப்பிக் கொடுக்க வேண்டிய ஃபாரம். அதில் ஆண் எழுத்தாளன் தன் பெயரை மட்டும் எழுதினால் போதும். பெண் தன் நடத்தையை, படிப்பை, குடும்பத்தை, எழுத நேரம் கிடைத்த விதத்தை எல்லாம் எழுத வேண்டும். கேட்கப்பட்ட கேள்விக்கு எழுதிய பதிலை மட்டும் கிழித்து எடுத்து, இதுவே இவருடைய ஆத்மா என்று சொல்வது மோசடி. கேள்வியையும் சேர்த்துப் படிப்பதுதான் விமர்சனம்.

கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் படித்தபோது ரெஸ்டரேஷன் நாடகம் எங்களுக்கு ஒரு பாடம். ட்ரைடன் வந்தார், விச்சர்லி வந்தார், காங்கிரீவ் வந்தார். அதே மேடைகளில் அதே பார்வையாளர்களுக்காக நாடகம் எழுதிப் பிழைத்த அஃப்ரா பென் வரவில்லை. பிற்பாடு நானாகத் தேடிப் படித்தபோது, நாடகங்களைவிட முன்னுரைகள்தான் முதலில் என்னைப் பிடித்து நிறுத்தின.

லண்டன் அரங்குகள் நீண்ட தடைக்குப் பிறகு 1660இல் திறந்தன. பெண் வேடத்தில் பெண்களே நடிக்கலாம் என்று ஆயிற்று. நடிப்பவள் சரி, எழுதுகிறவள்? 1662இல் நியூகாஸில் சீமாட்டி மார்கரெட் கேவண்டிஷ் தன் நாடகங்களை ஒரே பெரிய புத்தகமாக அச்சிட்டார். அதன் தொடக்கத்தில் ஒரு முன்னுரை அல்ல, பல முன்னுரைகள். வாசகனுக்கு ஒன்று, மறுபடி வாசகனுக்கு இன்னொன்று என்று வாசல் மேல் வாசலாக வைத்துக்கொண்டு போகிறார். மேடையேறாத நாடகத்தை ஏன் அச்சிட்டேன், பழைய நூல்களிலிருந்து கதையைத் திருடினேனா இல்லையா என்று யாரும் கேட்பதற்கு முன்பே பதில் சொல்லி வைக்கிறார். இதை மனப்பிறழ்வு என்று சிரித்தவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எத்தனை கட்டங்கள் தன்னிடம் கேட்கப்படும் என்பது தெரிந்து, எல்லாவற்றையும் முன்கூட்டியே நிரப்பிவிட்ட விண்ணப்பதாரர் அவர்.

அஃப்ரா பென்னுக்குச் சீமாட்டிப் பட்டமும் இல்லை, பின்னால் நிற்கப் பிரபுவும் இல்லை. முதல் நாடகம் 1670இல் மேடையேறியது. 1673இல் 'தி டச் லவர்' அச்சானபோது வாசகனுக்கு ஒரு கடிதம் எழுதினார். முதல் நாள் ஆட்டத்தில் ஒரு மைனர் அரங்கத்துக்குள் வந்து, இது பெண்பிள்ளை எழுதியது, உருப்படாது என்று நாடகம் தொடங்கும் முன்பே தீர்ப்புச் சொன்னானாம். அந்த மைனரின் உருவத்தையும் மூளையையும் பென் வர்ணிக்கிற விதத்தில் கெஞ்சல் துளியும் இல்லை. அதற்கும் மேலே போகிறார்: பெண்களுக்கு மறுக்கப்பட்ட லத்தீன் படிப்பு நாடகத்துக்குத் தேவையே இல்லை; பெரிய படிப்பாளியல்லாத ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் படிப்பாளியான பென் ஜான்ஸனுடையவற்றைவிட ஜனங்களுக்குப் பிடித்திருக்கின்றன என்கிறார். கவனியுங்கள். 'எனக்குப் படிப்பில்லை' என்பது இங்கே மன்னிப்புக் கேட்கும் வாக்கியம் அல்ல. நாடகம் என்றால் என்ன என்பதைப் பற்றிய விமர்சனக் கொள்கை அது. கட்டத்தில் கேட்டதற்குப் பதில் எழுதுவதுபோல எழுதி, அந்தக் கட்டத்தையே அடித்துவிடுகிறார்.

பதினான்கு வருஷம் கழித்து, 1687இல் 'தி லக்கி சான்ஸ்' அச்சானபோது ஆபாசம் என்ற குற்றச்சாட்டு. பென் என்ன செய்கிறார்? கையெழுத்துப் பிரதியை யார் யார் பார்வையிட்டார்கள் என்று பெயர் சொல்லிப் பட்டியல் தருகிறார்: டேவனண்ட் பார்த்தார், லெஸ்ட்ரேஞ்ச் படித்து அனுமதித்தார், கில்லிகுரூ பார்த்தார். என் போன்ற வங்கிக்காரனுக்கு இது உடனே புரியும். ஜாமீன்தாரர் பட்டியல்! அதே முன்னுரையில், ஓர் ஆணின் பெயரில் வந்திருந்தால் இந்த நாடகங்களைக் கொண்டாடியிருப்பார்கள் என்றும், மூன்றாம் நாள் வசூலுக்காக மட்டும் தான் எழுதவில்லை, புகழும் வேண்டும் என்றும் சொல்கிறார். அக்காலத்தில் மூன்றாம் நாள் வசூல்தான் நாடகாசிரியனின் கூலி.

நம் முற்போக்கு அன்பர்கள் அவசரப்பட்டு இங்கே கலகக்கொடி ஏற்றிவிட வேண்டாம். பென் ராஜவிசுவாசி. தன்னுள் இருக்கிற கவியைத் தன்னுடைய ஆண் பாகம் என்றே குறிப்பிட்டு, அதற்குச் சலுகை கேட்கிறார். பலிகடாவும் வீராங்கனையும் அல்லாமல் மூன்றாவதாக ஒரு பெண்ணைக் கற்பனை செய்ய நம்மால் முடிவதில்லை. முடிந்தால் தெரியும்: பென் ஒரு தொழில்காரர். தன் சரக்கின் மதிப்பையும், அதைத் தன் பெயரில் விற்பதில் உள்ள ஆபத்தையும் கணக்குப் பார்த்து எழுதியவர்.

அந்த ஆபத்து வெறும் கற்பனை அல்ல. ஸூஸன்னா ஸெண்ட்லிவரின் 'தி கேம்ஸ்டர்' நாடகம் 1705இல் ஆசிரியர் பெயர் இல்லாமல் வந்தது. இரண்டு வருஷம் கழித்து இன்னொரு நாடகத்தின் சமர்ப்பணத்தில் அவரே எழுதுகிறார்: அந்த நாடகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து ரசித்த ஒருவன், அதை வாங்கப் புத்தகக் கடைக்கு வந்து, எழுதியது யார் என்று கேட்டிருக்கிறான். பெண் என்று தெரிந்ததும் புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டு, இதன்மேல் ஏற்கெனவே அதிகம் செலவழித்துவிட்டேன் என்று போய்விட்டானாம். ரசனை மாறவில்லை, நாடகம் மாறவில்லை. ஒரு கட்டம் நிரப்பப்பட்டது, அவ்வளவுதான்.

முன்னுரை வெள்ளைக்காரன் சரக்கு, நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு: நம் மரபில் இந்த வேலையை முத்திரைக் கவி செய்தது. ஆண்டாள் தன் பாசுரங்களின் முடிவில் பட்டர்பிரான் கோதை, விட்டுசித்தன் கோதை என்று தகப்பனார் பெயரோடு கையெழுத்திடுகிறார். காரைக்காலம்மையார் பதிகத்தை முடிக்கும்போது தன்னைக் காரைக்கால் பேய் என்கிறார். ஒருவர் ஜாமீனோடு வருகிறார். மற்றவர் ஜாமீன் கேட்க முடியாத உருவத்தில் வருகிறார்; பேயிடம் யார் போய்ப் புருஷன் பெயர் கேட்பது? இரண்டுமே தேர்ந்து செய்த காரியங்கள். நாமோ ஒன்றைப் பக்தி என்றும் மற்றதைத் துறவு என்றும் பெயரிட்டு, இரண்டிலும் இருக்கிற புத்தியைப் பார்க்காமல் விட்டோம்.

நாடகம் என்றே கேட்டால் தஞ்சாவூர் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் விஜயராகவ நாயக்கன் சபையில் ரங்காஜம்மா 'மன்னாருதாச விலாசம்' என்ற யட்சகான நாடகத்தை எழுதினார். தெலுங்கில் எழுதினார் என்பதால் நமக்கு அந்நியமாகிவிடுவாரா? எழுதியதும் ஆடியதும் காவேரிக் கரையில். தன்னைச் சொல்லிக்கொள்ளுமிடத்தில் பெற்றோர் பெயரைச் சொல்கிறார். எட்டு பாஷையில் கவிதை செய்யும் திறமையைச் சொல்கிறார். அரசன் தனக்குச் செய்த கனகாபிஷேகத்தைச் சொல்கிறார். ஏறக்குறைய இதே காலத்தில்தான் லண்டனில் பென் ஜாமீன்தாரர் தேடிக்கொண்டிருந்தார். இவருக்கு ஜாமீன் அரசன். கொட்டிய பொன்னே சாட்சி.

அடுத்த நூற்றாண்டில் பிரதாபசிம்மன் காலத்துத் தஞ்சையில் முத்துப்பழனி 'ராதிகா ஸாந்த்வனம்' எழுதினார். அது நாடகம் அல்ல, சிருங்காரப் பிரபந்தம். ஆனால் முன்னுரைக்கு நேர்ந்த கதி அதில்தான் தெளிவாகத் தெரிகிறது. அதன் பீடிகையில் தன் இலக்கியப் பரம்பரையைப் பாட்டி, அத்தை என்று பெண்வழியாகச் சொல்கிறார். தன் அழகையும் புலமையையும் தானே பாராட்டிக்கொள்கிறார். 1887இல் அந்நூல் அச்சானபோது இந்தப் பீடிகை இல்லை! சில செய்யுள்களும் இல்லை. சிருங்காரச் செய்யுளை வெட்டியது புரிகிறது; அந்தக் காலத்துக் கூச்சம். பீடிகையில் என்ன ஆபாசம்? ஒரு பெண் இன்னொரு பெண்ணிடமிருந்து இலக்கியம் கற்றாள் என்பதைத் தவிர அதில் என்ன இருந்தது?

1910இல் பெங்களூர் நாகரத்தினம்மாள் சுவடி தேடி, விடுபட்டதைச் சேர்த்து முழு நூலையும் வாவிள்ளா மூலம் வெளியிட்டார். தியாகராஜருக்குத் திருவையாற்றில் சமாதி மண்டபம் எழுப்பிய அதே அம்மாள்தான். அவர் எழுதிய முன்னுரை இந்தியாவில் ஒரு பெண் எழுதிய விமர்சனங்களில் மிக முக்கியமான ஒன்று. முத்துப்பழனியை ஒழுக்கம் கெட்டவள் என்று தள்ளிய கந்துகூரி வீரேசலிங்கத்திடம் — விதவா விவாகம் செய்துவைத்த பெரும் சீர்திருத்தவாதியிடம் — நாணம் பெண்களுக்கு மட்டும்தான் உரியதா, ஆண் கவிகள் எழுதினால் அது எங்கே போயிற்று என்று கேட்டார். அடுத்த வருஷமே சர்க்கார் நூலைத் தடை செய்தது. தடை நீங்கிய பின் 1952இல்தான் வாவிள்ளா மறுபடியும் அச்சிட முடிந்தது. முதலில் போனது பீடிகை, பிறகு செய்யுள், கடைசியில் புத்தகமே. கத்தரி எப்போதும் முன்பக்கத்தில்தான் வேலையைத் தொடங்குகிறது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். வை. மு. கோதைநாயகி அம்மாளின் முதல் படைப்பு நாவல் அல்ல, நாடகம். 'இந்திரமோகனா', 1924. எழுதப் பழகியிராத அவர் சொல்லச் சொல்ல, சிநேகிதி பட்டம்மாள் எழுதினார். அடுத்த வருஷத்திலிருந்து 'ஜகன்மோகினி'யைத் தானே நடத்தினார். 115 நாவல்கள் எழுதினார். 1960இல் இறந்தார். அவரைப் பற்றி எழுதுகிற எவரும் பட்டம்மாள் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. எழுதப் பழகாத பெண், ஐந்து வயதில் கல்யாணம், சொல்லச் சொல்ல நாடகம்! அற்புதம்! நாடகம் எப்படி? அது வேறு விஷயம். அதைப் படித்தவர் யார்?

பென்னையும் இவரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'படிப்பில்லை' என்பதைப் பென் தானே சொன்னார், தன் வாதத்துக்காகச் சொன்னார். கோதைநாயகியின் 'எழுதத் தெரியாது' என்பதை நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம், நம் சௌகரியத்துக்காக. அது அவருக்கு நாம் எழுதிய முன்னுரை. அதைப் படித்து முடித்துப் புத்தகத்தை மூடிவிட்டோம். வர்ஜீனியா வுல்ஃபே 1929இல் பென்னின் கல்லறையில் பெண்கள் எல்லாம் பூச்சொரிய வேண்டும் என்று சொன்னபோது, பென் எழுதிச் சம்பாதித்தார் என்ற உண்மை அவர் எழுதியதையெல்லாம்விடக் கனமானது என்றுதான் சொன்னார். மரியாதையான வார்த்தை. ஆனால் பூவைப் போட்டுவிட்டு, புத்தகத்தைத் திறக்காமல் வந்துவிடுவதற்கும் அது இடம் தருகிறது. கோதைநாயகியின் நாவல்களுக்காக வாதாட நான் வரவில்லை. பலவற்றை என்னால் பாதிக்குமேல் தாண்ட முடியவில்லை. படித்துவிட்டுத் தள்ளுவதும் விமர்சனம்தான். கதை சொல்லித் தள்ளுவது விமர்சனம் அல்ல. வை. மு. என்ற எழுத்துகளே புகுந்த வீட்டு ஜாமீன்தான்; அந்த இனிஷியலைத் தமிழ் நாட்டுக் கடைவீதிகளில் தன் சொந்த முத்திரையாக அவர் எப்படி மாற்றினார் என்பதையாவது யாராவது எழுதியிருக்கலாம். விற்பனை என்ற சொல்லைக் கேட்டதும் நாம் மூக்கைப் பிடித்துக்கொள்கிறோம். முந்நூறு பிரதி அச்சிட்டு நூற்றைம்பதைப் பரணில் வைத்திருப்பதில் நமக்கு ஒரு தார்மிகப் பெருமை.

ஒரு ஆட்சேபம் வரும் என்று தெரியும். 'எழுத்து' காலத்திலிருந்து நமக்குப் பாடமானது: படைப்பே பேச வேண்டும், ஆசிரியனின் வாழ்க்கையும் முன்னுரையும் பிரதிக்கு வெளியே. நல்ல கொள்கை. நானும் அதில் வளர்ந்தவன். ஆனால் நம் நடைமுறையைப் பாருங்கள். பெண் எழுதிய புத்தகத்தில் அவருடைய முன்னுரைதான் பிரதிக்கு வெளியே போகிறது. நாம் எழுதிய அணிந்துரை உள்ளே, முதல் பக்கத்தில், நம் பெயரோடு இருக்கிறது.

நாம் என்று பொதுவாகச் சொல்லித் தப்பிக்கப் போவதில்லை. சில வருஷங்களுக்கு முன் ஒரு சிநேகிதி தன் முதல் நாடகத்தைக் கையெழுத்துப் பிரதியில் என்னிடம் கொடுத்தார். கூடவே பதினொரு பக்க முன்னுரை. நாடகத்தை எந்தக் குழுவுக்காக எழுதினார், ஒத்திகையில் அதன் முடிவை யார் மாற்றச் சொன்னார்கள், மாற்ற மறுத்ததும் குழு எப்படிக் கலைந்தது, வீட்டில் எந்த நேரத்தில் எழுதினார் எல்லாம் இருந்தது. கோபம் இருந்தது. நடுவில் இரண்டு பக்கம், தமிழ் நாடகத்தில் பெண் பாத்திரம் மௌனமாக நிற்கிற இடங்களைப் பற்றிய அலசல். அவ்வளவு கூர்மையாக நான் எதையும் எழுதியதில்லை. நான் சொன்னேன்: "இது வேண்டாம். நாடகமே பேசட்டும்." அவர் சம்மதித்தார், அல்லது சும்மா இருந்தார். அந்த இடத்தில் நான் நாலு பக்கம் அணிந்துரை எழுதினேன். அதில் 'தன்னையறியாமலே' என்ற சொல் இரண்டு தடவை வருகிறது. தன்னையறிந்து எழுதிய பதினொரு பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு, தன்னையறியாமலே எழுதியிருக்கிறார் என்று நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்! இது இன்னாருடைய பெருவிரல் ரேகைதான்.

வந்த மூன்று மதிப்புரைகளும் என் அணிந்துரையிலிருந்து மேற்கோள் காட்டின. புத்தகம் கைக்கு வந்த அன்று அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "என் முன்னுரை எங்கே?" முன்பே பேசியதுதானே என்று நான் சொல்லவில்லை. "பதிப்பில் இப்படித்தான் வழக்கம்" என்றேன். எழுபது வளைவு ஏறி வந்த பிறகும் அதே பதில். அதன்பின் அவர் எதையும் அச்சுக்குக் கொடுக்கவில்லை. என்னால்தான் என்று சொல்லிக்கொள்வதும் ஒருவித அகம்பாவம். ஆனால் என் பங்கு எனக்குத் தெரியும்.

இந்த மலைக்கு ஒரு பாவை உண்டு. சங்கக் கவிகள் தலைவியின் அழகுக்கு உவமை தேடியபோதெல்லாம் கொல்லிப்பாவையிடம் வந்தார்கள். கண்டவரை மயக்கும், சிரித்தே கொல்லும் என்று கதை. யாரோ செய்து நிறுத்திய உருவம். அதைப் பற்றிப் பேசியவர்கள் எல்லாம் அதைப் பார்த்தவர்கள். அது பேசியதாக யாரும் எழுதவில்லை. எழுதுகிற பெண்ணையும் நாம் இப்படித்தான் நிறுத்தி வைக்கிறோம். அவர் தானே செய்துகொண்ட உருவத்தை, முன்னுரையை, உடைத்துவிட்டு, நாம் செய்ததை அங்கே வைக்கிறோம். பிறகு அதன் அழகைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறோம்.

என் கோரிக்கை பெரியதல்ல. பெண்களின் பழைய நூல்களை மறுபதிப்புச் செய்பவர்கள், முதல் பதிப்பின் முன்னுரையை, சமர்ப்பணத்தை, விளம்பரத்தை ஒரு வரி விடாமல் அச்சிடுங்கள். விமர்சகனுக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் கடைசிப் பக்கத்தில் சொல்லட்டும். அதைப் படிக்கிற நாம், பதிலோடு கேள்வியையும் படிப்போம்.

என்னைப் பொறுத்தவரை, ஜாமீன் போட்டவன் நினைத்தபோது விலகிக்கொள்ள முடியாது என்பது வங்கியில் வேலை பார்ப்பவனுக்குத் தெரியும். கணக்கு முடிந்தால்தான் விடுதலை. அந்தப் பதினொரு பக்கங்கள் என்னிடம்தான் இருக்கின்றன. அவற்றைத் திருப்பி அனுப்பி, அச்சிட அனுமதி கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.